கை வைக்காத வாத்தியம்

“மொதல் மாசம் சும்மாவே குடுத்துடறான். பழகிட்டோம்னு வையி, அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது. அங்கதான் நம்மளப் பிடிக்கிறான்.”

இதைச் சொன்னது மல்ஜாவின் கணவர் டொக்சு. துணி காயப்போடும் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, போனை வாயோடு ஒட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ரப்பர் கையுறையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருந்த மல்ஜா, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஜெர்மன் சரக்கு சுத்தமாத்தான் இருக்கு பில்ஹோ, இல்லேங்கல. ஆனா ஜில்லுனு இருக்குடா. ப்போங் ஏறவே மாட்டேங்குது. ஜப்பான் சரக்குதான் கைக்குப் பதமா இருக்கு. அதுக்குச் சாவி ஒண்ணு பார்சல்ல வருதாம். அத வாங்கிட்டா ஆச்சு. வீட்ல இவளுக்குத் தெரிஞ்சுதோ, என்னக் கொன்னே போட்டுருவா.”

ப்போங் என்ற சொல்லுக்கு இவர்கள் இருந்த மசான் துறைமுக ஊரில் இரண்டு அர்த்தம் உண்டு. பழைய கொரிய ட்ரொட் பாட்டுகளில் சுரம் ஒரு இழை பிந்தி விழுந்து, குழைந்து, இழுபட்டு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களைக்கூடத் தோளை ஆட்டவைக்குமே, அந்தக் கிறக்கத்துக்கு ப்போங் என்று பெயர். போலீஸ் தேடுகிற வெள்ளைத் தூளுக்கும் அதே பெயர்தான். வேறு வீட்டுப் பெண்பிள்ளைக்கு முதல் அர்த்தம் முதலில் தோன்றியிருக்கும். மல்ஜாவுக்குத் தோன்றவில்லை. தன் வீட்டில் பாட்டு என்ற கதவை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே அவள் ஆணி அடித்து மூடியிருந்தாள். அதனால் அந்தப் பக்கம் நினைப்பே போகவில்லை.

கையுறையை எடுக்காமலே போய்விட்டாள். அன்று முழுக்க வெறுங்கையால் உப்பு இறாலை அள்ளி அள்ளிப் போட்டதில் விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மல்ஜா என்றால் ‘போதும், நிறுத்து’ என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்ட கடுப்பில் அப்பா வைத்த பெயர். நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே கணக்கு. பிறந்த அன்றே இப்படிப் பெயர் வாங்கிக்கொண்ட ஒருத்தி, பிறகு யாரைத்தான் நம்புவாள்? மசான் மீன் சந்தையில் ஊறல் கடை வைத்திருந்தாள். உப்பில் ஊறிய இறால், நெத்திலி, மீன் முட்டை எல்லாம் அவளிடம் கிடைக்கும். சரக்கு வந்தால் மேல் ஜாடியைப் பார்க்க மாட்டாள், அடியில் இருக்கிற ஜாடியைத்தான் திறக்கச் சொல்வாள். வானிலை அறிக்கையில் வெயில் என்றால் குடை எடுத்துப் போவாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது, “ஒண்ணுமில்லேன்னா ஏன் அவ்வளவு நேரம் அந்தப் படத்தையே பாத்தீங்க?” என்று மடக்கியவள். ஊரே சிரிக்கும். ஆனால் அவள் கடையில் யாரும் கெட்ட சரக்கு வாங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நம்பாமல் போனதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கல்யாணம் பேசி முடித்த தரகுக்காரி, மாப்பிள்ளைக்கு ஒலிபெருக்கிக் கம்பெனியில் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். புதுப்பாயின் வாசனை போவதற்குள் உண்மை வெளியே வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு காபரே விடுதியில், குடிகாரர்கள் பாடப் பாட அவர்கள் பின்னால் கீபோர்டு வாசிக்கிறவர்தான் மாப்பிள்ளை. ஒலிபெருக்கி அங்கே இருந்தது, அவ்வளவுதான். மல்ஜா சந்தை பூட்ஸோடு நேரே அந்த விடுதிக்குள் போய் மேடைக்கு முன்னால் நின்றாள். டொக்சு வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தார். அந்தத் திமிரால் வந்த கோபம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

“இனிமே எந்த வாத்தியத்துலயும் கை வைக்கக் கூடாது. வச்சா நான் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள்.

டொக்சு சுண்டுவிரலை நீட்டினார். இரண்டு சுண்டுவிரலையும் கோத்து, கட்டைவிரலோடு கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைத்தார்கள். அங்கே குழந்தையிலிருந்து கிழம்வரை வாக்கு என்றால் அதுதான். மறுநாளே கீபோர்டை விற்றுவிட்டு டவுன் பஸ் ஓட்டப் போனார், போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். “இது வரைக்கும்” என்பாள் மல்ஜா.

இப்போது அந்த ‘இது வரைக்கும்’ முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. பால்கனிப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அவரை ஜாடியின் அடியைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் சரியாகப் பொருந்தியது. கண் சிவந்திருந்தது. கூப்பிட்டால் காதில் விழவில்லை. சூப்பை எதிரில் வைத்தால் அது ஆறி ஆடை கட்டும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் யோன்ஹீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் பாதுக் ஆட்டம் பார்க்கிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார், இவள் அறைக்குள் கால் வைத்தால் மூடியைப் பட்டென்று சாத்துவார். பாதுக் காய் வைப்பதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலே, வலது மணிக்கட்டில் வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அதுவும் உள்பக்கம், நரம்பு ஓடுகிற இடத்தில்.

“கையில என்ன?”

“சும்மா. சுளுக்கு.”

“பஸ் ஓட்டின காலத்துலயே சுளுக்காத கை, வீட்ல ஒக்காந்து சுளுக்குதா?”

“வயசாச்சுல்ல, யோன்ஹீ அம்மா” என்று அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரி சுன்போக்கிடம் மட்டும் வாய் திறந்தாள். சுன்போக் கேட்டுவிட்டு, வாயில் போட்ட கணவாய்த் துண்டு தொண்டையில் சிக்கச் சிரித்தாள்.

“ஒன் வீட்டுக்காரரா? அந்த மனுஷன் இருமல் மருந்து குடிச்சாலே கதவுல மோதிக்குவாரே!”

“சிரிக்காதக்கா. ராத்திரியெல்லாம் முழிச்சே கெடக்காரு.”

“வேற பொம்பள சகவாசமா இருக்கும்டி.”

“அதையும் பாத்துட்டேன். இல்ல.”

“எப்படிடி பாத்த?”

“அது ஒனக்கெதுக்கு? ப்போங்னு என் காதாலக் கேட்டேன். மொதல் மாசம் சும்மா குடுக்கறானாம், அப்புறம் விட முடியாதாம். கையில பிளாஸ்திரி வேற.”

பிளாஸ்திரி என்றதும் சுன்போக்கின் சிரிப்பு நின்றது. கருவாட்டின் மேல் ஈ விரட்டுகிற மட்டையைக் கீழே வைத்தாள். “டிவியில சொன்னாங்கடி. இப்பல்லாம் பார்சல்லயே வந்துருதாம். வாங்கறது விக்கறது பூராவும் கம்ப்யூட்டராம்” என்றாள் குரலைத் தாழ்த்தி.

பார்சல் வந்தேவிட்டது. டொக்சு கதவிலேயே நின்று வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறைக்குள் போனார். அவர் நடக்கப் போன நேரம் பார்த்து மல்ஜா அலமாரியைக் கலைத்தாள். சாக்ஸ் உருண்டைக்குள் இருந்தது அது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் குச்சி, ஒரு முனையில் தகடு. கம்ப்யூட்டரில் செருகுகிற சாமான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாங்குவது விற்பது பூராவும் கம்ப்யூட்டர் என்று சுன்போக் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

தூக்கி எறிந்தால் சாட்சி போய்விடும். கையில் வைத்திருந்தால் தானும் கூட்டு என்பார்கள். மொட்டை மாடிக்குப் போய், வீட்டுக்கென்று வைத்திருந்த இறால் ஊறல் ஜாடியைத் திறந்து, குச்சியை உள்ளே போட்டு, மரக்கரண்டியால் அடிவரை அழுத்திவிட்டு மூடினாள்.

டொக்சு பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! எல்லா சாக்ஸையும் உள்வெளியாகப் புரட்டினார். நெற்றி வியர்த்து ஊற்றியது. பாயைத் தூக்கிப் பார்த்தார், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டார்.

“என்ன தேடறீங்க?”

“சாக்ஸ்.”

“கையிலதான இருக்கு.”

“இது இல்ல, இன்னொண்ணு.”

கிடைக்காவிட்டால் இவர்களுக்கு நடுக்கம் வரும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். மல்ஜா நடுக்கத்தைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். வேறு சாட்சி எதற்கு?

மறுநாள் கடையை சுன்போக்கிடம் விட்டுவிட்டு, ஒரு டப்பா மீன் முட்டை ஊறலோடு சந்தை முனைப் போலீஸ் சாவடிக்குப் போனாள். வாசலில் நின்றாள், திரும்பினாள், மறுபடி போனாள். உள்ளே தாடி கூட அரும்பாத ஒரு போலீஸ்காரன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

“தம்பி, ப்போங் போடறவனப் பிடிச்சா என்ன செய்வீங்க?”

அவன் பேனாவை எடுத்தான். “யாரும்மா?”

“எங்க பக்கத்து வீட்டுக்காரரு. நல்ல மனுஷன்தான். பஸ் ஓட்டினவரு.”

“அவரே வந்து சொல்லிட்டாருன்னா தண்டன கொறையும்மா. நாங்க போய்ப் பிடிச்சா கஷ்டம். பேரு சொல்லுங்க.”

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ‘டொக்சு’ என்று மூன்றெழுத்து, அதைச் சொல்ல வாய் வரவில்லை. “பேரு... வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று மீன் முட்டை டப்பாவை மேஜையில் நகர்த்தினாள்.

“இதெல்லாம் நாங்க வாங்கக் கூடாதும்மா.”

கொடுத்ததை வாங்காதவனை எப்படி நம்புவது? டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தானே இழுத்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்துவது, அவர் வாயாலேயே சொல்லவைப்பது என்று தீர்மானித்தாள். ஜெயிலுக்குப் போனாலும் குறைந்த தண்டனையோடு போகட்டும். கண் கரித்தது. உப்புக் கையால் துடைத்ததில் இன்னும் கரித்தது.

அவர் எங்கே போவார் என்று தெரியும். பழைய கூட்டாளி பில்ஹோ அந்த விடுதியில் கிடார் வாசித்தவன், இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே நிலவறையில், காசு கொடுத்து மைக் பிடித்துப் பாடுகிற பாட்டறை வைத்திருந்தான். பகலில் அங்கே பாட ஒருவரும் வர மாட்டார்கள். மல்ஜா படியிறங்கி, கடைசி அறையின் கதவில் காதை வைத்தாள்.

“சாவிய நீதாண்டா எடுத்த. அது வந்தது ஒனக்கு மட்டுந்தான் தெரியும்” என்றது டொக்சுவின் குரல்.

“அண்ணே, வாய்க்கு வந்தபடி பேசாத. அத எடுத்து நான் என்ன, பல்லுக் குத்தவா?”

“அப்ப காலா மொளச்சு ஓடிருச்சு?”

“போனத விடுண்ணே. இந்த அமெரிக்காக்காரன் சரக்க ஏத்திருக்கேன், இதுவும் ஒரு மாசம் சும்மா. போட்டுப் பாரு. ம்... இன்னும் கொஞ்சம். இன்னும் லேட்டா விழணும்... ஆங், வருது, வருது! முதுகுத்தண்டுல ஏறுதுண்ணே!”

மல்ஜா பூட்ஸ் காலால் கதவை எட்டி உதைத்தாள்.

பளபளக்கும் சோபாவில் இரண்டு கிழவர்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே லேப்டாப். திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள், அவற்றின் மேல் சின்னச் சின்ன வண்ணப் பட்டைகள். ஊசியும் இல்லை, தூளும் இல்லை. மேஜையில் பாதி கடித்த வேர்க்கடலைதான் இருந்தது. டொக்சு எழுந்ததில் ஹெட்போன் கழன்று விழுந்தது. அதிலிருந்து கொசு ரீங்காரம்போல் ஒரு சாக்ஸபோன் குழைந்து குழைந்து அழுதது.

“ப்போங் எங்க?” என்றாள் மல்ஜா.

“அதாங்க அண்ணி, இப்பத்தான் லேசா வருது” என்றான் பில்ஹோ.

எந்த ப்போங் என்று மல்ஜாவுக்குப் புரிந்தது. நியாயமாக அந்த இடத்தில் அவளுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தூள் போட்டிருந்தால்கூட யாரோ ஏமாற்றிவிட்டான் என்று மனசைத் தேற்றியிருப்பாள். இது அவளுக்கென்றே செய்த துரோகம்.

“சுண்டுவிரலக் கோத்து முத்திர வச்சீங்களே! எல்லாம் மறந்து போச்சா?”

“மறக்கல. மீறவும் இல்ல” என்றார் டொக்சு. “பாட்டுக் கூடாதுன்னு நீ சொல்லல. வாத்தியத்துல கை வைக்கக் கூடாதுன்ன. இங்க ஒரு வாத்தியம் காட்டு, பாப்போம். சாக்ஸபோன், அக்கார்டியன், கிடார், எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள. ஒண்ணுகூட நெசமில்ல. நான் கை வச்சது இந்தக் கம்ப்யூட்டர் எலி மேல. போய் வாத்தியக் கடையில எலி இருக்கான்னு கேளு.”

“வக்கீல் மாதிரி பேசறீங்க.”

“அண்ணி, நீங்க வேற வெந்த புண்ல” என்று பில்ஹோ குறுக்கே வந்தான். “இந்த மாதிரி பாட்டு கட்டுறவன் எல்லாம் ஒரு கீபோர்ட வாங்கிச் சொருகிக்குவான். வாசிச்சா அதுபாட்டுக்குப் பதிஞ்சிரும், அரை மணியில வேல முடியும். இந்த ஆளு மாட்டேங்கறாரு. கீபோர்டு வாத்தியமாம், சத்தியம் பண்ணிருக்காராம்! ஒவ்வொரு சுரத்தையும் எலியால குத்திக் குத்தி வைக்கறாரு. அதுக்குத் தோதா எவன் சாப்ட்வேர் சரக்கு இருக்குன்னுதான் மாசக்கணக்கா தேடிக்கிட்டு கெடக்கோம். ஜெர்மன்காரன்கிட்ட வச்ச சுரம் கட்டத்துல போய் ஒட்டிக்குது, ஒரு இழை பிந்தி வைக்கறதுக்குள்ள இவருக்குப் பொறும போயிருது. ஜப்பான்காரன்கிட்டதான் எலியப் பிடிச்சு இழுத்தா இழுத்த எடத்துல நிக்குது. ஒரு வரிக்கு அரை நாள் ஆகுது அண்ணி. அந்தக் கையப் பாருங்க!”

மல்ஜா கையைப் பார்த்தாள். பிளாஸ்திரியின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது.

அவள் அவ்வளவு லேசில் விடுகிறவளா? அறை மூலையில் பாட வருகிறவர்கள் தட்டும் ஜால்ரா வளையங்கள் நிறைந்த அட்டைப்பெட்டிக்கு அடியில் துணி மூடிய நீளமான ஏதோ ஒன்று இருந்ததை வந்தவுடனேயே பார்த்து வைத்திருந்தாள். போய்ப் பெட்டியை இறக்கித் துணியை விலக்கினாள். கீபோர்டு. பில்ஹோவுடையது. ஏமாற்ற நினைத்த ஆளுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. யாருக்கும் தெரியாத நிலவறை, கைக்கெட்டும் தூரத்தில் கட்டைகள். மல்ஜா கட்டைகளின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தாள். விரல் நுனியில் தூசி பஞ்சுபோல் சுருண்டு வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு கட்டையில்கூட விரல் பட்ட தடம் இல்லை.

முப்பத்தைந்து வருஷமாக அவள் ஒரு நாளும் நம்பாத வாக்கை, அந்த மனுஷன் எலியைக் கட்டிக்கொண்டு அழுதாவது காப்பாற்றியிருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. யார் முன்னாலும் அப்படி வெட்கப்பட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

“பாட்டு யாருக்கு?” என்று கேட்டாள், பழக்க தோஷத்தில்.

“யாருக்கும் இல்ல. சும்மா. கைக்கு வேல இல்லாமப் போச்சுல்ல.”

“அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி” என்றான் பில்ஹோ, கண் கலங்கி. “சாவியக் காணோம்னு என்னத் திருடங்கறாரு. எத்தன வருஷப் பழக்கம்! அந்தச் சாவிக் குச்சி போனா வாங்கின சரக்கே போன மாதிரி, அதச் செருகாம தெறக்காது. எனக்கு அந்தப் பாவம் எதுக்கு?”

டொக்சு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷச் சிநேகிதனை அவர் சந்தேகப்பட்ட அந்தப் பார்வை மல்ஜாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் படியேறினாள்.

மொட்டை மாடியில் ஜாடியைத் திறந்தபோது, பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு வராமல் இல்லை. பில்ஹோ தலையில் விடிந்துவிடும். இந்த நினைப்பு வந்ததற்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. முழங்கைவரை விட்டுத் துழாவி எடுத்தாள். குழாயில் கழுவினாள், முந்தானைபோல் கட்டியிருந்த சந்தைத் துணியால் துடைத்தாள், மறுபடி கழுவினாள். வாடை போகவில்லை.

டொக்சு வீட்டுக்கு வந்ததும் மேஜையில் வைத்தாள். அவர் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“இறாலா?”

“ஆமா. நாந்தான் போட்டேன். நீங்க தூள் போடறீங்கன்னு நெனச்சேன். போலீஸ் வரைக்கும் போனேன். பேரு சொல்லல.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “பில்ஹோவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. தப்பு என்னுதுன்னு சொல்லுங்க.”

அவர் திட்டவில்லை. முதலில் பில்ஹோவுக்குப் போன் போட்டார். பிறகு முடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து குச்சிக்கு ரொம்ப நேரம் காற்றுக் காட்டினார். லேப்டாப்பில் செருகினார். முனையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது, இருவரும் குனிந்தார்கள், அணைந்துவிட்டது. அப்புறம் எரியவே இல்லை.

“போச்சு. மறுபடி மொதல்லேருந்து தேடணும்” என்றார்.

“தேட வேண்டாம். எந்தச் சரக்கு பிடிக்குதோ அத எடுத்துக்கங்க. ஒரு கீபோர்டு வாங்கிச் சொருகிக்கங்க.”

டொக்சு நிமிர்ந்தார். அவள் முகத்தை, கண்ணை, உதட்டை மாறி மாறிப் பார்த்தார். ஜாடியின் அடியைத் திறக்கச் சொல்கிற பார்வை அது. மல்ஜா அதை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு காலம் இதன் எதிரில் உட்கார்ந்தா இந்த மனுஷன் தினமும் சோறு சாப்பிட்டார்?

“என்ன திடீர்னு? நான் வாங்கினதும், பாத்தியா கை வச்சுட்டேன்னு பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பறதுக்கா?”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“வாயால சொன்னாப் போதாது, யோன்ஹீ அம்மா” என்று டொக்சு மேஜைக்குக் குறுக்கே சுண்டுவிரலை நீட்டினார்.

மல்ஜா உப்பில் வெடித்த தன் சுண்டுவிரலைக் கோத்தாள். கட்டைவிரலால் முத்திரை வைத்த பிறகும் அவர் உடனே விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.